நியூரானுக்கு மட்டும் தனி மாநாடு எதற்கு?

இழையைத் தொடங்கிய வாசகர் | ஜூலை 2, காலை 9.14

நியூரான் என்னும் நரம்புச் செல்லின் உயிரியலுக்கென்றே அமெரிக்காவில் ஒரு வாரம் மாநாடு நடக்கிறதாம். செல் என்றால் செல்தானே? தோலில் இருப்பதும் கல்லீரலில் இருப்பதும் மூளையில் இருப்பதும் உள்ளே அதே நியூக்ளியஸ், அதே மைட்டோகாண்ட்ரியா. இதற்கு மட்டும் ஏன் தனிக் கூட்டம்? அதைவிட எரிச்சல், உள்ளே போட்டோ எடுக்கக் கூடாதாம், கேட்டதை வெளியே எழுதக் கூடாதாம். ஆராய்ச்சி மட்டும் மக்கள் வரிப்பணத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்களா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜூலை 2, இரவு 11.40

போயிருக்கிறேன். நீங்கள் கேள்விப்பட்டது கார்டன் ஆராய்ச்சி மாநாடுகளில் ஒன்று. நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்கு நடுவே வாட்டர்வில் வேலி என்ற சின்ன ஊரில் நடப்பது. பனிக்காலத்தில் சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காகக் கட்டிய விடுதிகள் கோடையில் காலியாகக் கிடக்கும், அதை விஞ்ஞானிகளை வைத்து நிரப்புகிறார்கள். பாஸ்டனிலிருந்து பஸ். இறங்கினால் முதல் வரவேற்பு கொசு.

ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி காலை முடியும். காலையில் உரைகள், மதியம் முழுக்க ஓய்வு, சாயங்காலம் அவரவர் ஆய்வைச் சுவரொட்டியாக மாட்டி விளக்கும் போஸ்டர், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி உரைகள், அப்புறம் பார். மதிய ஓய்வில் நான் தூங்கினேன், வருத்தமில்லை. ஆனால் மலை ஏறப் போனவர்கள் ஏறும்போதே அடுத்த இரண்டு வருஷத்துக்கான கூட்டு வேலையைப் பேசி முடித்துவிட்டு இறங்கினார்கள், அதையும் சொல்லவேண்டும்.

இந்த மாநாடுகளுக்கு ஆதி, நீல் கார்டன் என்ற வேதியியல்காரர். 1931 கோடையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சிறிய அளவில் ஆரம்பித்தார். பிறகு செசபீக் விரிகுடாவில் கிப்சன் தீவுக்குப் போய், 1947இல் நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்தது. இன்று ஏகப்பட்ட தலைப்புகள், நியூரான் அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே விதி: படம் எடுக்கக் கூடாது, பதிவு செய்யக் கூடாது, சொன்னவர் அனுமதி இல்லாமல் மேற்கோள் காட்டக் கூடாது. ஆகவே அங்கே மேடையில் கேட்டது எதுவும் இந்த இழையில் வராது. அச்சில் வந்தது, பாடப்புத்தகத்தில் ஏறியது, என் சொந்தப் புலம்பல், இவை மூன்றும் வரும். விதி சரியா தப்பா என்பதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது தூக்கம்.

ஜூலை 3, காலை 7.05

செல் செல்தானே என்றீர்கள். உறுப்புகளின் பட்டியலைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். தூரத்தைப் பார்த்தால் தெரியாது.

முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் இருந்து பாதத்துத் தசைக்குப் போய் அதை இயக்கும் மோட்டார் நியூரானை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லின் உடல் சுமார் 50 மைக்ரோமீட்டர். அதிலிருந்து கிளம்பும் நீண்ட இழையான ஆக்ஸான் ஏறக்குறைய 1 மீட்டர். செல் உடலை 5 மீட்டர் அகலமுள்ள ஒரு அறை என்று வைத்தால், அந்த அறையிலிருந்து கிளம்பும் குழாய் 100 கிலோமீட்டர் நீளம், அதாவது சென்னையில் அறை, மேல்மருவத்தூர் தாண்டிக் குழாயின் முனை. ஜீன்கள் எல்லாம் சென்னை அறையில். முனையில், அடுத்த செல்லோடு பேசும் இடமான சினாப்ஸுக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பங்கு அந்த அறையில்தான் தயாராகி அந்தக் குழாய் வழியாகப் போயாக வேண்டும். அங்கே கெட்டுப்போனதில் பெரும்பகுதி அதே வழியாகத் திரும்பி வரவேண்டும். இது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நீங்கள் இருக்கும் வரை, ஏனென்றால் அந்த நியூரானுக்கு மாற்று கிடையாது. கல்லீரல் செல்லுக்கு இந்தத் தொல்லை ஏதாவது உண்டா?

அந்த மாநாட்டில் பாதிப் பேர் இந்த ஒரு தொல்லையைத்தான் பல பக்கத்திலிருந்து குடைந்துகொண்டிருப்பார்கள். மீதிப் பாதி, எது ஆக்ஸான், எது செய்தி வாங்கும் கிளையான டென்ட்ரைட் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்று குடைவார்கள்.

ஜூலை 3, இரவு 10.20

"சாமான் போக எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த கதையே இதுதான், கொஞ்சம் நீளும்.

இரண்டு வேகம் உண்டு. சவ்வால் மூடிய பைகள் வேகமாகப் போகும், ஒரு நாளைக்கு 200 முதல் 400 மில்லிமீட்டர். அதாவது 1 மீட்டருக்கு இரண்டரை நாளிலிருந்து ஐந்து நாள். இன்னொரு கூட்டம் இருக்கிறது: நியூரோஃபிலமென்ட், டியூபுலின் மாதிரி செல்லுக்கு எலும்புக்கூடாக நிற்கும் புரதங்கள். அவை நாளைக்கு 1 மில்லிமீட்டர், சமயத்தில் அதுவும் இல்லை. கணக்குப் போடுங்கள், இன்று கிளம்பிய நியூரோஃபிலமென்ட் கால் விரலுக்கு வந்து சேர ஏறக்குறைய மூன்று வருஷம்.

1948இல் பால் வைஸும் ஹெலன் ஹிஸ்கோவும் நரம்பைச் சுற்றி ஒரு வளையம் போட்டு இறுக்கிப் பார்த்தார்கள். வளையத்துக்கு மேல்பக்கம், அதாவது செல் உடல் இருக்கும் பக்கம், ஆக்ஸான் வீங்கியது. வளையத்தை எடுத்ததும் தேங்கியது கீழே இறங்கியது, நாளைக்கு 1 மில்லிமீட்டர் அளவில். உள்ளே இருக்கும் மொத்தச் சரக்கும் மெதுவாக நகர்கிறது என்று வைஸ் முடிவுகட்டினார். பிறகு 1960களில் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து அளந்தபோதுதான் வேகமான கூட்டம் ஒன்று தனியாக இருப்பது தெரிந்தது.

வேகமான கூட்டத்துக்கு மோட்டார், அதாவது சரக்கை இழுத்துப்போகும் புரதம், கிடைத்துவிட்டது, அதற்கு வருகிறேன். மெதுவான கூட்டத்துக்கு என்ன மோட்டார்? வருஷக்கணக்காகச் சண்டை. நத்தை மோட்டார் ஒன்று இருக்கும் என்று தேடியவர்கள் உண்டு. 2000இல் ஆண்டனி பிரவுன் குழு, உயிருள்ள நியூரானில் ஒளிரும் நியூரோஃபிலமென்ட்டைத் தனித்தனியாகப் படம் பிடித்தது. அது ஓடுகிறது! வேகமான கூட்டத்தின் வேகத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக ஓடுகிறது. ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. ரொம்ப நேரம் நிற்கிறது. அப்புறம் மறுபடி ஒரு ஓட்டம். சராசரி எடுத்தால்தான் நத்தை. தனி மோட்டாரே வேண்டாம், அதே மோட்டார், நிற்கும் நேரம்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் தாலுகா ஆபீஸில் ஃபைல் நகர்வதும் இந்த வகைதான் என்று ஒரு நண்பன் சொன்னான், நான் மறுக்கவில்லை.

இது எளிமையாகத் தெரியும். ஐம்பது வருஷம் சராசரியை மட்டும் அளந்துகொண்டிருந்தவர்களுக்கு எளிமையாக இல்லை.

ஜூலை 4, காலை 6.50

மோட்டார் கதை. ரான் வேல் அப்போது ஸ்டான்ஃபோர்டில் மாணவர். மைக்கேல் ஷீட்ஸும் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் 1983இல், தசையில் இருக்கும் மோட்டாரான மயோசின் பூசிய மணிகள், நைடெல்லா என்ற பாசியின் ஆக்டின் என்ற புரதக் கம்பிகள் மேல் ஓடுவதைக் காட்டியிருந்தார்கள். ஆக்ஸானிலும் மயோசின்தான் இழுக்கிறதோ என்று பார்க்க வேல் நினைத்தார். அதற்குக் கணவாயின் ராட்சத ஆக்ஸான் வேண்டும், அத்தனை தடிமன் என்பதால் உள்ளே இருப்பதைக் கையாலேயே பிதுக்கி எடுக்கலாம். அந்த வருஷம் எல் நினோவால் கடல் சூடாகி, கலிஃபோர்னியாக் கரையில் கணவாய் கிடைக்கவில்லை. அதனால் அவரும் ஷீட்ஸும் நாட்டின் மறு கரைக்கு, வூட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் போனார்கள். அங்கே ராபர்ட் ஆலனும் ஸ்காட் பிரேடியும் வீடியோ வைத்த மைக்ரோஸ்கோப்பில் ஆக்ஸானுக்குள் பைகள் ஓடுவதை நேரடியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், தாமஸ் ரீஸும் இருந்தார்.

பார்த்தால் ஓடும் பாதை ஆக்டினே இல்லை, மைக்ரோடியூபூல் என்ற புரதக் குழாய். மயோசினும் இல்லை, புது மோட்டார். 1985இல் கைனசின் என்று பெயர் வைத்தார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபி ஒன்றுக்கு ஒரு காலடி, காலடிக்கு 8 நானோமீட்டர். 1 மீட்டருக்கு 12.5 கோடி அடி. ஒரே கைனசின் அத்தனையும் நடப்பதில்லை, நூறு அடி நடந்தால் கழன்று விழுந்துவிடும் ரகம். அதனால் ஒரு பையில் பல மோட்டார்.

மழை பொய்த்ததால் விவசாயம் போச்சு என்று கேட்டிருக்கிறோம். கடல் சூடானதால் கைனசின் கிடைத்தது.

ஜூலை 4, மதியம் 1.30

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும்: கைனசின் பொதுவாக வெளியே போகும் வண்டி. திரும்பி வருவதற்கு டைனீன், அது வேறு குடும்பம். கைனசின் குடும்பத்துக்கு மனிதனிடம் 45 ஜீன்கள். ஆக்ஸானில் திரும்பி வருவதற்கோ முக்கியமாக ஒரே ஒரு டைனீன். போக ஆயிரம் வழி, வர ஒரே வழி. இது ஏன் இப்படி என்று யாராவது தெளிவாகச் சொன்னால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 4, இரவு 9.15

"காலில் நாய் கடித்தால் லேட்டாக வெறி பிடிக்கும், முகத்தில் கடித்தால் சீக்கிரம் என்பார்களே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, நேரடியாகவே உண்டு. ரேபிஸ் வைரஸ் கடித்த இடத்தில் நரம்பு முனைக்குள் நுழைந்து, செல்லின் சொந்த டைனீனையே வண்டியாகப் பிடித்து, ஆக்ஸான் வழியாகத் தண்டுவடத்துக்கும் மூளைக்கும் போகிறது. டெட்டனஸ் நச்சும் இதே வழியில்தான் ஏறுகிறது. அக்கியைக் கொடுக்கும் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்களும் அப்படியே. கடி மூளைக்குக் கிட்டே என்றால் பாதை குறைவு, அறிகுறி சீக்கிரம்.

ஆனால் இதற்குக் கீழே ஒருவர் "அப்போ காலில் கடித்தால் ஊசிக்கு அவசரமில்லை" என்று எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். எந்த இடத்துக் கடியானாலும் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவவேண்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். வைரஸ் நரம்புக்குள் எப்போது ஏறியது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. அறிகுறி வந்த பிறகு காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை. மில்லிமீட்டர் கணக்கெல்லாம் வகுப்பறைக்கு.

ஜூலை 5, இரவு 11.55

இப்போது விதி.

முதலில் எனக்கும் எரிச்சல்தான். எல்லாரும் ஒத்துக்கொண்டு ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது என்னவோ பள்ளிக்கூடம் மாதிரி இருந்தது. ஆனால் இரண்டாம் நாள் ராத்திரிக்குள் ஒன்று புரிந்தது. பெரிய மாநாடுகளில் ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவர் ஏற்கெனவே அச்சான கதையைத்தான் பேசுவார். இங்கே எழுந்து நின்றவர்கள் பாதி வெந்ததைக் காட்டினார்கள். "இந்தச் சோதனை வேலை செய்யவில்லை, ஏனென்று தெரியவில்லை, யாருக்காவது தெரியுமா?" என்று பெரிய லேப் வைத்திருக்கும் ஒரு பேராசிரியர் மேடையில் கேட்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போட்டோ எடுப்பார்கள், நாளைக்கு எக்ஸ் தளத்தில் வரும் என்றால் அந்த ஸ்லைடை அவர் காட்டியிருக்கவே மாட்டார்.

எனக்கு அங்கே கிடைத்த சரக்கில் பெரும்பகுதி இந்த வகைதான். எது வேலை செய்யவில்லை, ஏன் செய்யவில்லை. பேப்பரில் அது வருவதில்லை. பேப்பரில் செய்முறை என்ற பகுதி நாலு பத்தி, அதில் நியூரான் வளர்த்த கதை இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்குள் எத்தனை செத்த தட்டு இருக்கிறது என்று வளர்த்தவனுக்குத்தான் தெரியும்.

ஜூலை 6, காலை 8.10

அந்த இரண்டு வரியை விரித்து எழுதச் சொல்லி இருவர் கேட்டதால். பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

எலிக் கருவின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் நியூரானைக் கண்ணாடியில் வளர்ப்பது கேரி பேங்கர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறை. வட்டக் கண்ணாடித் துண்டுகளை அடர்த்தியான நைட்ரிக் அமிலத்தில் ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டும், பிறகு தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசவேண்டும், பிறகு அடுப்பில் சுட்டு எடுக்கவேண்டும். அதன் மேல் சின்னச் சின்ன மெழுகுப் பொட்டு வைக்கவேண்டும், கோலப் புள்ளி அளவுகூட இருக்காது. செல் ஒட்டுவதற்குப் பாலிலைசின் பூச்சு, அதையும் அலசவேண்டும். கரு எடுத்து, ஹிப்போகேம்பஸைப் பிரித்து, டிரிப்சின் என்ற நொதியில் இளக்கி, நுனியைத் தீயில் காட்டிச் சுருக்கிய கண்ணாடிப் பைப்பெட்டில் மேலும் கீழும் இழுத்துச் செல்களைப் பிரிக்கவேண்டும். நுரை வந்தால் போச்சு. செல் ஒட்டிக்கொண்டதும் அந்தக் கண்ணாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நியூரானுக்குத் துணை நிற்கும் கிளியா செல்கள் வளர்ந்த தட்டின் மேல் வைக்கவேண்டும். மெழுகுப் பொட்டு கால் மாதிரி நின்று இரண்டும் உரசாமல் பார்த்துக்கொள்ளும்.

கவிழ்த்த அன்று ராத்திரி பார்த்தால் ஒவ்வொரு நியூரானிலும் நாலைந்து குட்டி முளைகள், எல்லாம் ஒரே நீளம். ஒன்றரை நாளுக்குள் அதில் ஒன்று மட்டும் பிய்த்துக்கொண்டு ஓடியிருக்கும், அதுதான் ஆக்ஸான். மீதி நின்று பிறகு டென்ட்ரைட் ஆகும். டாட்டி, சல்லிவன், பேங்கர் மூவரும் 1988இல் இதை ஐந்து கட்டங்களாக எழுதிவைத்தார்கள். இதில் அழகு என்னவென்றால், ஓடிய ஆக்ஸானைச் சீக்கிரமே அடியோடு ஒட்ட வெட்டிவிட்டால் நின்றிருந்த முளைகளில் இன்னொன்று ஆக்ஸானாகிவிடும். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

இதில் கண்ணாடிக்குத் தனிச் சரித்திரம் உண்டு. ஜெர்மன் கண்ணாடி என்றால்தான் நியூரான் பிழைக்கும் என்று இந்தத் தொழிலில் எல்லாரும் கிசுகிசுப்பார்கள். எங்கள் லேப்பில் ஒரு சமயம் வேறு கம்பெனிப் பெட்டி வந்தது (பெயர் வேண்டாம்). செல்கள் ஒட்டின, மூன்றாம் நாள் கொத்துக் கொத்தாகத் திரண்டன, ஒரு வாரத்தில் செத்தன. அமிலத்தை மாற்றினோம், பாலிலைசினை மாற்றினோம், எலியையே சந்தேகப்பட்டோம். மாநாட்டில் என் போஸ்டர் முன்னால் கையில் பியர் வைத்துக்கொண்டு நின்ற ஒரு அம்மா, படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "கண்ணாடி எங்கே வாங்கினீர்கள்?" என்றார். என் கண்டுபிடிப்பு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்ததை அவர் படிக்கவே இல்லை. பெட்டியை மாற்றினோம், செல் பிழைத்தது.

இதை எந்த ஜர்னலில் போடுவது, சொல்லுங்கள்.

ஜூலை 6, மாலை 5.40

"அது விஞ்ஞானிகள் கிளப். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், வெளியே இருப்பவன் எலியைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

இழை தொடங்கியவரேதான் எழுதியிருக்கிறார். இதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை, அதனால் மதியமெல்லாம் யோசித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடி விஷயத்தை அந்த அம்மா என்னிடம் சொன்னார், ஏனென்றால் நான் அங்கே நின்றேன். எங்கள் லேப் தோழி ஒருத்தி நிற்கவில்லை. போஸ்டர் தேர்வாகி, பணம் கட்டி, விசா நேர்காணல் தேதி மாநாடு முடிந்த பிறகுதான் கிடைத்தது. அவள் இழந்தது ஒரு வாரப் பேச்சு மட்டுமில்லை, அங்கே பேசியது வெளியே எழுதப்படாது என்பதால் அது அவளுக்கு எப்போதுமே கிடைக்கப்போவதில்லை. நான் திரும்பி வந்து அவளிடம் எவ்வளவு சொல்லலாம் என்பதே எனக்குச் சங்கடமாக இருந்தது.

மறு பாதியை ஒத்துக்கொள்ள முடியவில்லை. 2013இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் பயோஆர்க்கைவ் தளத்தைத் தொடங்கிய பிறகு, அச்சுக்கு முந்திய கட்டுரைகள் எல்லாருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. முடிந்த வேலைக்குக் கதவு திறந்தாகிவிட்டது. முடியாத வேலையை, தோற்ற வேலையை, ஒருவர் பத்துப் பேர் நடுவில்தான் வாய்விட்டுச் சொல்வார். விதியை எடுத்துவிட்டால் எல்லாருக்கும் அது கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், யாருக்கும் கிடைக்காமல் போகும். ஆனால் யார் அந்தப் பத்துப் பேர் என்பதை விசா ஜன்னல் முடிவு செய்வது அநியாயம். இரண்டும் ஒரே சமயத்தில் எனக்கு உண்மையாகப் படுகிறது.

ஜூலை 7, காலை 7.25

நேற்று எழுதியதை மறுபடி படித்தபோது, நரம்புச் செல்லை ஆராய்ந்த கஹால் ஞாபகம் வந்தார். கிளப்புக்கு வெளியே இருந்து கதவைத் தட்டியவர்.

1888இல் ஸ்பெயினில் இருந்துகொண்டு, நரம்புச் செல்கள் தனித்தனி, ஒன்றோடொன்று ஒட்டிய வலை அல்ல என்று கண்டுபிடித்தார். எந்த ஜர்னலும் இல்லை, தானே ஒரு பத்திரிகை தொடங்கி 60 பிரதி அச்சடித்து வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஸ்பானிஷ் யார் படிப்பார்? யாரும் கண்டுகொள்ளவில்லை. 1889 அக்டோபரில் பெர்லினில் ஜெர்மன் உடற்கூறியல் சங்க மாநாடு. சொந்தக் காசில் ஸ்லைடுகளைத் தூக்கிக்கொண்டு போனார், தன் மைக்ரோஸ்கோப்பையும் கொண்டுபோய், சபையிடம் இன்னும் சில கேட்டு வாங்கி வரிசையாக வைத்தார். பாதிப் பேர் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது 72 வயதான உடற்கூறியல் அறிஞர் கோலிக்கரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கண்ணை வைக்கச் செய்தார். பெரியவர் பார்த்தார், நம்பினார், கஹாலைப் படிப்பதற்காக அந்த வயதில் ஸ்பானிஷ் கற்றார்.

60 பிரதி அனுப்பியும் நடக்காதது ஒரு மேஜை முன்னால் நடந்தது. அன்றைக்கு அவர் பெர்லினுக்கு விசா கேட்டு வரிசையில் நிற்கவேண்டியிருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இழை தொடங்கியவர் சொல்வார்.

(1906இல் நோபல் பரிசை கஹாலுக்கும் இத்தாலிய அறிஞர் கோல்ஜிக்கும் பாதிப் பாதி கொடுத்தார்கள். கஹால் பயன்படுத்திய சாயமுறையே கோல்ஜியுடையது. கோல்ஜியோ தன் பரிசுரையில் நின்று நியூரான் கொள்கையே தப்பு என்று பேசினார். மறுநாள் கஹால் பேசவேண்டும். அந்த ராத்திரி ஓட்டலில் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்!)

ஜூலை 8, இரவு 10.05

"இன்னும் கண்டுபிடிக்க என்ன மிச்சம் இருக்கிறது, எல்லாம்தான் பார்த்தாகிவிட்டதே" என்பவருக்கு ஒரே உதாரணம்.

ஆக்ஸானை மைக்ரோஸ்கோப்பில் நூறு வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறோம். 2013இல் ஹார்வர்டில் க்ஸியாவோவெய் ஜுவாங் குழு சாதாரண மைக்ரோஸ்கோப்பின் எல்லையைத் தாண்டும் சூப்பர் ரெசல்யூஷன் முறையில் பார்த்தால், ஆக்ஸானின் சவ்வுக்கு அடியில் நீளம் முழுக்க ஆக்டின் வளையங்கள். ஏணிப்படி மாதிரி சீராக, வளையத்துக்கு வளையம் சுமார் 190 நானோமீட்டர், நடுவே ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் பிடித்துக்கொண்டிருக்கிறது. சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பால் பிரித்துப் பார்க்க முடிந்த எல்லை 200, 250 நானோமீட்டர். வளையங்கள் இன்னும் கொஞ்சம் விலகி, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்திருந்தால் என் லேப்பில் இருக்கும் பழைய மைக்ரோஸ்கோப்பிலேயே தெரிந்திருக்கும். ஆக்ஸான் முழுக்க இருக்கிற ஒரு அமைப்பு, எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியாமல் இருந்தது.

முதல் தடவை அந்தப் படத்தைப் பார்த்தபோது யாரோ கிராஃபிக்ஸில் வரைந்தது என்றே நினைத்தேன்.

ஜூலை 9, காலை 6.30

தனிச் செய்தியில் வந்த கேள்வி, அனுமதி வாங்கி இங்கே பதில். அவருடைய அம்மாவுக்குப் பாக்லிடாக்செல் கீமோ நடக்கிறது, கால் விரல் மரத்துப்போகிறது, ஏன் விரல் நுனியிலேயே ஆரம்பிக்கிறது என்று கேட்டார்.

பாக்லிடாக்செல் மைக்ரோடியூபூலைக் கெட்டியாகப் பிடித்து உறையவைக்கிறது. வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு கீமோ மருந்து அதைக் கலைக்கிறது. பிரியும் செல்லுக்கு மைக்ரோடியூபூல் வேண்டும், அதனால் புற்றுச் செல் சாகிறது. ஆனால் மேலே எழுதிய கைனசினும் டைனீனும் ஓடும் பாதையும் அதே மைக்ரோடியூபூல்தான். பாதை கெட்டால் முதலில் அடிபடுவது மிக நீளமான ஆக்ஸான், அது போய்ச் சேரும் இடம் கால் விரல், பிறகு கை விரல். சாக்ஸும் கையுறையும் போட்ட அளவுக்குப் பாதமும் கையும் மரப்பதால், டாக்டர்களும் சாக்ஸ், கையுறை என்றே அதைச் சொல்வார்கள். பரம்பரையாக வரும் ஸ்பாஸ்டிக் பாராப்லீஜியாவிலும் இதே தர்க்கம்: மைக்ரோடியூபூலை வெட்டும் ஸ்பாஸ்டின், மோட்டாரான கைனசின் 5ஏ, இவற்றின் ஜீன் கெட்டால் கால்கள் விறைக்கின்றன, ஏனென்றால் கால்களுக்கான ஆக்ஸான்கள்தான் நீளம்.

நான் டாக்டர் இல்லை. மரப்பை மறைக்காமல் அவர்களிடம் சொல்லச் சொல்லுங்கள், மருந்தின் அளவையோ இடைவெளியையோ மாற்ற அவர்களுக்கு வழி உண்டு. வயதானவர்கள் "இதெல்லாம் போய்ச் சொல்வானேன்" என்று இருந்துவிடுகிறார்கள்.

ஜூலை 9, இரவு 11.10

சாப்பாடு பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், அடேயப்பா. கடைசி ராத்திரி லாப்ஸ்டர். முழு லாப்ஸ்டர், கழுத்தில் பிளாஸ்டிக் துணி கட்டிக்கொண்டு, நோபல் வாங்கும் தகுதி உள்ளவர்கள் எல்லாம் ஓட்டை உடைத்துக்கொண்டிருப்பார்கள். சைவக்காரர்களுக்குப் பாஸ்தா. நான் உடைத்தேன், சட்டை போச்சு. நண்டு தின்று வளர்ந்தவனுக்கே இந்தக் கதி. பக்கத்தில் ஒருவர் லாப்ஸ்டரின் நரம்புத் தொடரைப் பிரித்துக் காட்ட முயன்றார், மேஜை அவரை அனுமதிக்கவில்லை.

ஜூலை 10, காலை 9.00

இந்தியாவில் பிஎச்டி செய்யும் ஒரு மாணவி, விண்ணப்பிக்கலாமா, தகுதி இருக்குமா என்று கேட்கிறார். தாராளமாக. இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து நல்ல வேலை வருகிறது, மும்பையில் டாடா ஆராய்ச்சி நிறுவனமான டி.ஐ.எஃப்.ஆரில் சந்தியா கௌசிகா குழு புழுவின் ஆக்ஸானில் இந்தப் போக்குவரத்தைத்தான் வருஷக்கணக்காகப் பார்க்கிறது. புழு உடல் கண்ணாடி மாதிரி, உயிரோடு வைத்து உள்ளே ஓடுவதைப் பார்க்கலாம்.

மாநாட்டுக்கு முந்தின சனி, ஞாயிறில் மாணவர்களுக்கும், பிஎச்டி முடித்து ஆய்வைத் தொடரும் போஸ்ட்டாக்குகளுக்கும் மட்டும் கார்டன் கருத்தரங்கு என்று ஒன்று வழக்கமாக இணைந்து நடக்கும். அழைத்த ஓரிருவர் தவிரப் பேராசிரியர்கள் கிடையாது, பேசுவதற்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம். இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பியுங்கள். கட்டணத்தில் உதவி உண்டா என்று நடத்துகிறவர்களுக்கு முதலிலேயே எழுதிக் கேளுங்கள், கேட்காதவருக்குக் கிடைப்பதில்லை. விசாவுக்குத் தேர்வுக் கடிதம் வந்த அன்றே நாள் பிடியுங்கள்.

போஸ்டரில் வேலை செய்த படத்தோடு வேலை செய்யாத படம் ஒன்றையும் ஓரமாகப் போடுங்கள். நிற்கிறவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். போஸ்டரைத் துணியில் அச்சடித்து மடித்துப் பெட்டியில் வையுங்கள், குழாயைத் தூக்கிக்கொண்டு மூன்று விமானம் மாறவேண்டாம். கொசு மருந்து கட்டாயம்.